கத்தி பிடித்த கையும் காசு கொடுத்த கையும்

1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவர் சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற். 1861இல் வெளிவந்த அவரது இலங்கை இயற்கை வரலாற்று நூலில், யாழ்ப்பாணச் சந்தையிற் கடலாமையை உயிரோடு அறுத்து விற்றமை விவரிக்கப்படுகிறது. மல்லாத்திய ஆமையின் இதயம் துடித்துக்கொண்டிருக்க, கேட்டவர் கேட்ட பாகத்தைப் பெண்கள் அரிந்து நிறுத்துக் கொடுத்தனர் என்கிறார். படிப்போர் நெஞ்சம் பதறும். அப்பதற்றம் நியாயமானதே. நடந்ததை மறைப்பது தமிழ்ப்பற்று ஆகாது.

ஆயினும், அந்நூலைச் சமூக நோக்கில் வாசிப்போமாயின் ஒரு வேறுபாடு புலனாகும். சந்தைக் கொடுமையைக் கூறுமிடத்துத் தமிழ் மீனவர் குடும்பங்கள் வெளிப்படையாகச் சுட்டப்படுகின்றன. அழுங்காமையைத் தீயின்மேல் தொங்கவிட்டு ஓடு கழற்றும் கொடுமையும் அதே நூலிற் கண்டிக்கப்படுகிறது. ஆனால், அவ்வோட்டாற் செய்த சீப்பையும் பெட்டியையும் வாங்கி மகிழ்ந்த செல்வர்மீது பழி சுமத்தப்படவில்லை. கத்தி பிடித்த கை தெரிகிறது. காசு கொடுத்த கை தெரியவில்லை.

இப்பார்வை இன்றும் மாறிவிடவில்லை. விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 1972ஆம் ஆண்டுத் திருத்தம் கடலாமைகளுக்குப் பாதுகாப்பளித்தது. ஆமையிறைச்சியோடு பிடிபடும் ஏழைத் தொழிலாளி நீதிமன்றம் ஏறுகிறான். சட்டம் வேண்டியதே. ஆனால் பாக்கு நீரிணையில் இழுவைமடி கடலடியைச் சுரண்டும்போது, பேராமை மேயும் கடற்புல் அழிகிறது. நுரையீரலால் மூச்சுவிடும் ஆமை, மடிக்குள் அகப்பட்டு மேலெழ வழியின்றி மாள்கிறது. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைத் தடைசெய்த பின்னரும், தமிழகக் கரையிலிருந்து இழுவைப்படகுகள் நெடுந்தீவுக் கடல்வரை வந்து, நம் சிறுதொழிலாளரின் வலைகளையும் அறுத்துச் செல்கின்றன. உள்ளூரிலும் அத்தொழில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. படகின் இலாபம் முதலாளிக்கு. சிறையோ அதிற் கூலிக்கு வந்தவனுக்கு. இனவுறவைக் கூறி இதனைப் பேசாதிருத்தல், ஆமைக்கும் தொழிலாளிக்கும் ஒருங்கே செய்யும் துரோகமாகும்.

நம் வகுப்பறைகளுக்கும் இதிற் பங்குண்டு. அகநானூற்றுப் புலவர், ஆமை மணலில் முட்டையிட்டு மறைப்பதைக் கூர்ந்து நோக்கிப் பாடினர். குறள் ஆமையை அடக்கத்துக்கு உவமையாக்கியது. பிற்காலப் பழமொழியோ ஆமை புகுந்த வீடு உருப்படாது என்றது. உயிரை மறந்து உவமையை மட்டும் கற்பிக்கும் நாம், ஓர் உண்மையையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்: கடலாமையால் தலையையும் துடுப்புகளையும் ஓட்டினுள் அடக்கிக்கொள்ள இயலாது. அதற்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. அதனைக் காக்க வேண்டியது மனிதரின் நீதியே.