மரப்பறவையும் ஒனேசிமஸும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரப் பள்ளி நிர்வாகம் 1980களின் இறுதியில் ஆசிரியர்களுக்காக ஒரு கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தது. ஆப்பிரிக்க-அமெரிக்க அடிப்படைக் கட்டுரைகள் என்று பெயர். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிவியல் பாடப்புத்தகத்தில் கிரேக்கம் வரும், அப்புறம் நேராக ஐரோப்பாதான். ஆப்பிரிக்கான்னு ஒரு கண்டம் இருந்ததாகவே தெரியாது. அதைச் சரிசெய்யக் கிளம்பிய வேலை இது.

ஆனால் அறிவியல் பகுதிக்கு வந்தால் தலை சுற்றுகிறது. பண்டைய எகிப்தியர்கள் கிளைடரில் பறந்தார்களாம். ஆதாரம்? சக்காராவில் கிடைத்த, கையில் அடங்கிவிடுகிற ஒரு மரப்பறவை. வருவதை முன்கூட்டியே அறியும் மனோசக்தியும் அறிவியல் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இதை விரிவாக மறுத்தவர்களில் ஒருவர் மானிடவியலாளர் பெர்னார்ட் ஓர்ட்டிஸ் டி மான்டெல்லானோ. அஸ்டெக் மருத்துவத்தைப் பற்றி முழுப் புத்தகமே எழுதியவர் அவர். ஐரோப்பியப் பெருமை பேசும் ஆள்னு ஒதுக்கிவிட முடியாது.

எனக்கு உறுத்துவது இதுதான். இந்தப் பாடத்தை நம்பிய பிள்ளை, பின்னால் மரப்பறவை வெறும் மரப்பறவைதான் என்று தெரிந்துகொள்ளும்போது, கூடவே சொல்லப்பட்ட உண்மைகளையும் சேர்த்துத்தானே தூக்கிப் போடும்?

உண்மைகளுக்கா பஞ்சம்? 1721இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒனேசிமஸ், அம்மைச் சீழைத் தோலில் கீறி ஏற்றும் முறையைப் பாதிரியார் காட்டன் மேதரிடம் சொல்லியிருந்தார். துருக்கியிலிருந்து வந்த அறிக்கையையும் மேதர் படித்திருந்தார். இரண்டும் ஒத்துப்போனது. அவர் தூண்ட, மருத்துவர் ஜாப்டியல் பாய்ல்ஸ்டன் 240க்கும் மேற்பட்டவர்களுக்கு அம்மை குத்தினார். 6 பேர் இறந்தார்கள். தானாகத் தொற்றியவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய ஏழில் ஒருவர். ஜென்னர் வருவது 1796இல்தான்.

இதை வகுப்பில் வைத்துப் பாருங்கள். சதவீதக் கணக்கு இருக்கு. ஒப்பீடு இருக்கு. 'பாய்ல்ஸ்டன் யாரைத் தேர்ந்தெடுத்தார், ஆரோக்கியமானவர்களை மட்டுமா?' என்று மாணவர்கள் குறுக்குக் கேள்வியும் கேட்கலாம். மரப்பறவையை வைத்து இப்படி ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது, நம்பத்தான் முடியும்.

இன்னொன்று, எராஸ்டோ எம்பெம்பா. 1963இல் தான்சானியாவில் பள்ளி மாணவன். ஐஸ்கிரீமுக்காகக் காய்ச்சிய பாலை ஆறவிடாமல் சூடாகவே உறைபெட்டியில் வைத்தான். காய்ச்சாமல் வைத்த பாலுக்கு முன்னால் அது உறைந்துவிட்டது. ஆசிரியர் நம்பவில்லை, வகுப்பே கிண்டல் செய்தது. பிறகு இயற்பியலாளர் டெனிஸ் ஆஸ்போர்ன் அந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தார். 1969இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். இந்த விளைவு எப்போதும் நிகழுமா, உண்மையிலேயே இருக்கிறதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. 2016இல்கூட ஆதாரம் போதாது என்று ஒரு ஆய்வு வந்தது. ஒரு வெப்பமானியும் உறைபெட்டியும் இருந்தால் பிள்ளைகளே இதில் இறங்கலாம்.

ஆகவே ஆப்பிரிக்கப் பங்களிப்பைப் பாடத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதல்ல என் கேள்வி. கட்டாயம் சேர்க்கணும். ஆனால் மற்ற பாடங்களிடம் கேட்கிற ஆதாரத்தை அதனிடமும் கேட்கணும். குறைத்துக் கேட்டால், அதுவும் ஒருவகை அவமரியாதைதான்.