சான்றும் சார்பும்: சென்னைப் பள்ளி உணவுத் திட்டங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அரசின் கொள்கை அறிவியல் சான்றின்மீது அமையவேண்டுமா, கருத்தியலின்மீது அமையவேண்டுமா என்னும் வினாவை, 1920இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய பள்ளி உணவு முதல் 2025இல் மயிலாப்பூரில் தொடங்கிய காலை உணவு விரிவாக்கம் வரையிலான வரலாற்றில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. எதை அளப்பது என்பதைக் கருத்தியல் முடிவுசெய்கிறது. எவ்வளவு சான்று தேவை என்பதையோ, திட்டம் பிழைத்தால் அதன் விலையை யார் செலுத்துவார் என்பது முடிவுசெய்யவேண்டும் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: சத்துணவு, கருத்தியல், கொள்கை மதிப்பீடு, குலக்கல்வி, காலை உணவுத் திட்டம்.

முன்னுரை

திருக்குறளின் அரசியல் இயலில் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரமே உண்டு. ஆக்கத்தையும் அழிவையும் எண்ணிப் பார்த்தபின் வினையில் இறங்குக என்னும் அறிவுரை தமிழ் மரபுக்குப் புதிதன்று. அதே மரபில் அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை, பசித்து வந்தவரின் தகுதியை ஆராய்ந்து சோறிடவில்லை. சிக்கனம் பேசுவோர் முன்னதையும் அறம் பேசுவோர் பின்னதையும் துணைக்கு அழைப்பது வழக்கம். பள்ளிக் குழந்தைகளுக்கு உணவிடும் கொள்கையில் இவ்விரு குரல்களும் ஒரு நூற்றாண்டாக மோதிவருகின்றன. சான்றைப் போற்றுவோர் கருத்தியலை மூடநம்பிக்கைபோலவும், கருத்தியலைப் போற்றுவோர் சான்றைக் கணக்கர் தொழில்போலவும் பேசுவதால் இம்மோதல் பெரும்பாலும் பயனற்று முடிகிறது. வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது.

ஆயிரம்விளக்குப் பள்ளி

இன்று தியாகராயநகர் தாங்கிநிற்கும் பெயருக்குரிய பிட்டி தியாகராயர், நீதிக்கட்சியின் நிறுவனருள் ஒருவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். அவர் தலைமையில் 1920 செப்டம்பர் 16ஆம் நாள் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம்விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவருக்கு, நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்குவது என்பது அத்தீர்மானம். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922–23இல் 811ஆக இருந்த இவ்வைந்து பள்ளிகளின் மொத்தச் சேர்க்கை 1924–25இல் 1,671ஆக உயர்ந்தது.

இந்த உயர்வை முழுமையான சான்று எனக் கொள்ள இயலாது. அருகிலுள்ள பிற பள்ளிகளிலிருந்து குழந்தைகள் இடம்மாறி வந்திருக்கலாம். ஆயினும் அக்கால அரசு எழுப்பிய தடை இத்தகைய ஆய்வு ஐயம் எதனையும் சார்ந்ததன்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுதல் ஏற்கத்தக்கதன்று எனக் கூறப்பட்டது. 1925 ஏப்ரல் 1ஆம் நாள் திட்டம் நின்றது. அம்மாத இறுதியில் தியாகராயரும் மறைந்தார். கல்வி வேறு, சோறு வேறு என்னும் பகுப்பு வெறும் கணக்குத் தலைப்பாகத் தோன்றினாலும், பள்ளி எதற்கு என்பது பற்றிய ஒரு கருத்தியல் அதனுள் ஒளிந்திருந்தது. தன்னைக் கருத்தியல் என அறிவித்துக்கொள்ளாத கருத்தியலே பெரும்பாலும் சான்றை எளிதில் புறந்தள்ளுகிறது.

எண்கள் சொன்னதும் சொல்லாததும்

1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றமைப்புத் தொடக்கக் கல்வித் திட்டத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். பள்ளிக்கு வெளியே நின்ற குழந்தைகள் ஏராளம். கட்டடமும் ஆசிரியரும் பற்றாக்குறை. நாளொன்றுக்கு மூன்று மணிநேரமாக இரு வேளைகளாகப் பிரித்தால் அதே கட்டடமும் அதே ஆசிரியரும் இருமடங்கு குழந்தைகளுக்குப் பயன்படுவர். கணக்கில் குறையில்லை. பாருலேகர் தலைமையில் அமைந்த குழுவும் ஆராய்ந்து திட்டத்துக்கு ஆதரவான அறிக்கையே அளித்தது. அக்காலப் பொருளில் அது வல்லுநர் சான்று பெற்ற கொள்கை.

எஞ்சிய நேரத்தில் குழந்தை தன் பெற்றோரின் தொழிலைக் கற்கும் என்பதில்தான் முரண் வெடித்தது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதனைக் ‘குலக்கல்வி’ என்றனர். வருகைப்பதிவேட்டில் இடம்பெறாத ஒன்றை, சாதி எவ்வாறு தலைமுறை தாண்டுகிறது என்பதை, அந்த ஒரு சொல் சுட்டியது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. ஈராண்டுக்குள் அவருடைய ஆட்சியிலேயே மதிய உணவுத் திட்டம் உருப்பெற்றது. அறிவியலை அரசியல் வென்ற நிகழ்வாக இதனை எழுதுவோர் உளர். குழுவிடம் கேட்கப்பட்ட வினா ‘எத்தனை குழந்தைகள்’ என்பது. தெருவில் எழுந்த வினா ‘எந்தக் குழந்தைகள், எதற்கு’ என்பது. முதல் வினாவுக்கான விடை எத்துணைத் துல்லியமாயினும் இரண்டாவதற்கு விடையாகாது.

1982: ஒரே மாநிலத்தில் இரு திட்டங்கள்

நம் வினாவுக்கு வளமான களம் 1980களின் தமிழ்நாடு. ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு வேறு மனப்போக்கில் பிறந்த இரு ஊட்டத் திட்டங்கள் இங்கு அருகருகே நடந்தன.

உலக வங்கியின் நிதியுதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முன்னாய்வுகளின் பிள்ளை. ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோடுவர். வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைக்கு மட்டும் ஏறத்தாழத் தொண்ணூறு நாள் இணையுணவு. எடை தேறினால் நிறுத்தம். ஊட்டக் குறைபாட்டின் பெருஞ்சேதம் முதல் ஈராண்டுகளில் நிகழ்கிறது என்னும் மருத்துவ அறிவோடு இவ்வமைப்பு பொருந்தியது.

1982 சூலை 1ஆம் நாள் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமோ எவரையும் எடைபோட்டுப் பிரிக்கவில்லை. இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை ஊர்ப்புறக் குழந்தை அனைவருக்கும் சோறு. அவ்வாண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும், 1984இல் பதினைந்து வயது வரையும் விரிந்தது. மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாறு காந்திநகரில் அப்போதே இயங்கிக்கொண்டிருந்தது. தியாகராயநகரில் அலுவலகம் வைத்திருந்த முதலமைச்சருக்கு அது தொலைவன்று. ஆயினும் அவர் மக்கள்முன் வைத்த நியாயம் எவ்வாய்வறிக்கையையும் சாரவில்லை. தாம் இளமையில் பட்ட பசியையே சான்றாகக் கூறினார். கவர்ச்சி அரசியல், நிதிச்சுமை என்னும் கண்டனங்கள் உடனே எழுந்தன.

அக்கண்டனங்களில் ஒரு பகுதி உண்மை. ஊட்டத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், வளர்ச்சித் தடை நிகழ்ந்து முடிந்த வயதில்தான் சத்துணவு தொடங்கியது. ஆனால் அத்திட்டம் செய்தவற்றுள் ஊட்டம் ஒன்றே ஒன்று. பள்ளி வருகை, பல சாதிக் குழந்தைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணல், கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமையளித்து ஊர்தோறும் உருவான வேலைவாய்ப்பு ஆகியவற்றை எடைபார்க்கும் தராசு காட்டாது.

சான்று பின்னர் வந்தது. எந்த அளவுக்குப் பின்னர் என்பது நோக்கத்தக்கது. இந்தியப் பள்ளி மதிய உணவு குறித்து 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, பள்ளிப்பருவத்தில் அவ்வுணவைப் பெற்ற பெண்கள் பின்னாளில் ஈன்ற குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்ததைக் காட்டியது. உண்ட சிறுமி தாயாகி, அவள் குழந்தை வளர்ந்து, அதன் உயரம் அளக்கப்பட்ட பின்னரே இத்தகைய சான்று பிறக்கமுடியும். பாப்பாக்குறிச்சிக்கும் அதற்கும் இடையே 39 ஆண்டுகள். சான்று கிடைத்தபின் செயற்படுக என்று கூறியிருந்தால் ஒரு தலைமுறை பட்டினியோடு பள்ளியை விட்டு நீங்கியிருக்கும்.

இதனால் எம்.ஜி.ஆர். சரியாகக் கணித்தார் என்று முடிவுகட்டுதல் தவறு. பின்னர் வந்த சான்று, முடிவெடுத்த நாளில் எவர் கையிலும் இல்லை. இராஜாஜியின் நம்பிக்கையும் போலியானதன்று. உளத்தூய்மை கொள்கைக்குச் சான்றாகாது. அவ்வாறாயின் 1953ஐயும் 1982ஐயும் எவ்வாறு வேறுபடுத்துவது? பிழையின் விலையை யார் தருகிறார் என்பதைக் கொண்டு வேறுபடுத்தலாம். சத்துணவு பயனற்றுப் போயிருந்தால் இழப்பின் பெரும்பகுதி கருவூலத்துக்கு. உண்ட குழந்தைக்குக் கேடில்லை. அரைநேரப் பள்ளி பிழைத்திருந்தால் இழப்பு முழுவதும் அக்குழந்தையின் மீளாத இளமை. வலுவான சான்றைக் கோரும் கடமை இரண்டாவதற்கே மிகுதி. கருவூல இழப்பும் ஏழைக் குழந்தையின் இழப்பே, அப்பணம் கைக்குழந்தைகளுக்குச் சென்றிருக்கும் என மறுக்கலாம். மறுப்பில் ஆற்றல் உண்டு. தமிழ்நாட்டில் அவ்வயதினருக்கான திட்டமும் உடன் நடந்ததால்தான் அம்மறுப்பு இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

முட்டையும் வாழைப்பழமும்

கருத்தியலில் பிறந்த திட்டம் சான்றுக்குச் செவிசாய்த்தது என்பதற்கு முட்டை எடுத்துக்காட்டு. 1989இல் மு. கருணாநிதி ஆட்சி இரு வாரத்துக்கு ஒரு முட்டை எனத் தொடங்கியது. 2010க்குள் அது வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. சோறும் சாம்பாரும் தராத தரமான புரதத்தை அது தந்தது. மத்தியப் பிரதேச அரசு 2015இல் அங்கன்வாடிகளில் முட்டை வழங்க மறுத்ததை இதனோடு ஒப்பிடலாம்: அங்கு ஆட்சியாளரின் உணவுநெறி குழந்தையின் தட்டுக்கு விதியாயிற்று. மயிலாப்பூரிலும் முட்டை உண்ணாத குடும்பங்கள் உண்டு. அத்தகைய குழந்தைகளுக்கு வாழைப்பழம் என்பது தமிழ்நாட்டின் ஏற்பாடு. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம். வாழைப்பழத்தில் ஒரு கிராம் அளவே. பழம் மாற்றுணவு என வழங்கப்பட்டாலும் ஊட்டத்தில் அது மாற்றாகாது. நம்பிக்கைக்குத் தரும் மதிப்பு என்ற அளவில் அதனை வரவேற்கலாம். சுண்டலாக இருந்திருந்தால் இரண்டும் நிறைவேறியிருக்கும்.

காலை உணவும் மதிப்பீடும்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கியது. மாநிலத் திட்டக்குழுவின் மதிப்பீடு, 1,543 பள்ளிகளுள் 1,319இல் வருகை உயர்ந்ததாகக் கூறியது. தொடங்கிய ஓராண்டுக்குள் மதிப்பீடு செய்தது பாராட்டுக்குரியது. 1925இல் இல்லாத பண்பு இது. எனினும் முன்–பின் ஒப்பீடு மட்டுமே இது. பெருந்தொற்றுக்குப்பின் பள்ளிகள் இயல்புக்குத் திரும்பிய காலத்தில், திட்டம் இல்லாத பள்ளிகளோடு ஒப்பிடாமல் உயர்வு முழுவதையும் உணவின் கணக்கில் எழுதுதல் ஆய்வுமுறைக்கு ஒவ்வாது. அதினும் முதன்மையான குறை, 1,319 மேடைதோறும் ஒலித்தது. எஞ்சிய 224 பள்ளிகளைப் பற்றிய பொதுவிவாதம் எழவில்லை. சமையல் பொறுப்பா, போக்குவரத்தா, இடப்பெயர்வா, அப்பள்ளிகளில் நிகழ்ந்தது யாது? 2023இல் கரூர் மாவட்டத்தில் பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைச் சில குழந்தைகள் பெற்றோர் சொற்கேட்டு உண்ண மறுத்த செய்தி வெளிவந்தது. வருகைப்பதிவேட்டில் அக்குழந்தைகளும் ‘வந்தோர்’ எண்ணிக்கையிலேயே சேர்ந்திருப்பர். சத்துணவின் உயிர்நாடியாகிய உடனுண்ணலை அளக்கும் கருவி 1982இலும் இல்லை, இன்றும் உருவாகவில்லை. தன் கருத்தியலைப் பெருமையோடு பேசும் அரசு அக்கருத்தியல் கோரும் அளவுகோலைச் செய்துகொள்ளாதிருப்பது விந்தை.

2025 ஆகஸ்டு 26ஆம் நாள் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் இத்திட்டம் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது: 2,429 பள்ளிகள், ஏறத்தாழ 3.06 இலட்சம் மாணவர்கள். உதவிபெறாத தனியார் தொடக்கப்பள்ளிகள் அதே தெருக்களில் திட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. ஒப்பீட்டுக்குக் குறையற்ற களம் அன்று, ஆயினும் களமே இல்லாத நிலையைவிட மேல். ஆகஸ்டு 26க்கு முந்தைய ஈராண்டு வருகைப்பதிவுகளைத் திரட்டி, வருகை குறைந்த பள்ளிகளின் பட்டியலையும் காரணங்களையும் சேர்த்து வெளியிட அரசாணை ஒன்று போதும். பதிவேடுகள் பழந்தாள் கடைக்குச் செல்லும்முன் அது பிறக்கவேண்டும்.