உயிலும் சம்பளமும்

ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ 1811இல் வெளிவந்தது. அதைக் காதல் கதையாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சிரிக்க வைக்கும் ஒரு கணக்குப் புத்தகம். சிற்றன்னையையும் மூன்று தங்கைகளையும் பார்த்துக்கொள்வதாக, சாகும் தறுவாயிலிருந்த அப்பாவிடம் மகன் வாக்குக் கொடுக்கிறான். தங்கைகளுக்கு 3,000 பவுண்டு கொடுக்கலாம் என்று நினைக்கிறான். மனைவி பேசப் பேச அது 1,500 ஆகிறது. பிறகு, சிற்றன்னைக்கு ஆண்டுக்கு 100. பிறகு, எப்போதாவது 50. கடைசியில் அந்தந்தப் பருவத்து மீனும் வேட்டை இறைச்சியும் போதும் என்று முடிகிறது. யாரும் குரலை உயர்த்தவில்லை, சட்டத்தை மீறவில்லை. கௌரவமானவர்கள் பெண்களின் பங்கைக் கரைக்கும் விதம் இதுதான் என்று ஆஸ்டின் சிரித்துக்கொண்டே காட்டிவிடுகிறார்.

1995இல் ஆங் லீ இயக்கிய படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் எம்மா தாம்சன். இந்த உரையாடலை அவர் ஒரு வண்டிப் பயணமாக மாற்றினார். வண்டி வீட்டை நெருங்க நெருங்கத் தொகை சுருங்குகிறது. பழங்கால உடைகளும் புல்வெளிகளும் கண்ணைப் பறிக்கும் அந்தப் படத்திலும் கணக்கு தொலைந்துபோகவில்லை.

ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) அதே கதையைச் செட்டிநாட்டுப் பெரிய வீட்டுக்குக் கொண்டுவந்தது. வசனம் சுஜாதா. இங்கே பேரமே இல்லை. தாத்தா இறந்ததும் பெட்டியிலிருந்து உயில் வெளிவருகிறது; சொத்து முழுவதும் மகனுக்கு. மகள் பத்மா தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட கோபத்தில் எப்போதோ எழுதியது. கடைசிவரை அவரைக் கவனித்துக்கொண்டது பத்மாவும் அவள் மகள்களும்தான். ஆஸ்டினிடம் இல்லாத இந்தக் காரணம் நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது. துணையைத் தானே தேர்ந்தெடுத்த பெண்ணுக்கு நாம் விதிக்கும் அபராதம் சொத்துதான். ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. உயிலைக் கேட்டுத் தலைகுனிந்து, பெட்டி கட்டி, சென்னைக்கு வந்துவிடுகிறார்கள். பிறகு பாட்டும் காதலும்.

வகுப்பில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு மாணவியாவது கேட்கிறாள்: “ஏன் மேடம், அவங்க கேஸ் போடலாம்ல?” நியாயமான கேள்வி. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுச் சட்டம் 1989இல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமான பெண்களை அது வெளியே நிறுத்தியது. பத்மா அந்தத் தலைமுறை. சுயசம்பாத்தியம் என்றால் அப்பா யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், இன்றைக்கும்.

ஆங் லீ பின்னாளில் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காகப் புதுச்சேரிக்கும் வந்தார். சினிமாக்காரர்களுக்கு எங்கள் ஊர் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான். அந்தச் சுவர்களுக்குள் பிரெஞ்சுச் சட்டமும் இருந்தது. 1881 ஆணைப்படி, சொந்தச் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களை ‘ரெனோன்சான்’ என்பார்கள். அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் இருவர் என்றால் தகப்பன் தன் விருப்பத்துக்கு எழுதக்கூடியது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. மீதி இருவருக்கும் சமம். ஆண், பெண் பேதமில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பத்மா பிறந்திருந்தால், எவ்வளவு கோபம் இருந்தாலும் அவளுடைய மூன்றில் ஒரு பங்கைத் தாத்தாவால் தொட்டிருக்க முடியாது. இதற்காகப் பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டாடிவிட வேண்டாம். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியதும் அதே சட்டம்தான். ஆனாலும் அப்பாவின் கோபத்துக்குச் சட்டம் ஓர் எல்லை போட முடியும் என்பதை ஒரே தெருவில் பார்த்திருக்கிறோம்.

ஆஸ்டினின் எலினார் சம்பாதிக்க முடியாதவள். தமிழில் அவள் சௌம்யா ஆகிறாள், மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குப் போகிறாள், குடும்பத்தை நிமிர்த்துகிறாள். தபு அதை மிகையில்லாமல் நடித்த அழகு இன்றும் எனக்குப் பிடிக்கும். என் சிக்கலும் அங்கேதான். சம்பளம் வந்ததும் பங்கைப் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது. “உனக்குத்தான் வேலை இருக்கே, அண்ணன்கிட்ட எதுக்குக் கேக்குற?” என்று நம் வீடுகளில் சொல்வதையே படம் இனிமையாகச் சொல்கிறது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும்போதும் இதைத்தான் சொல்கிறார்கள்.

சௌம்யாவின் சம்பளம் அவள் உழைப்புக்கு வந்தது. பத்மாவின் பங்குக்கு அது ஈடாகாது.