கூரையில் எங்கே துளையிடுவது?

திருகோணமலை நகரில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு ஒரு பொதுக் குறை உண்டு. முன்விறாந்தையிலும் பின்வளவிலும் வெயில் எரிக்கும். நடுவில் அகப்பட்ட நடையும் குளியலறையும் பட்டப்பகலிலும் மின்குமிழைக் கேட்கும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம்வரை நீண்டபோது இந்தக் குறை எல்லோருக்கும் உறைத்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. வெளிச்சத்தைக் கூரை வழியே இறக்கினால் என்ன என்ற யோசனை இப்படித்தான் பிறக்கிறது.

யோசனை புதிதல்ல. ஓட்டு வரிசையில் ஒரு கண்ணாடி ஓட்டைச் செருகுவது நம்மவருக்குப் பழகிய வழி. 1980களில் அவுஸ்திரேலியாவில் உருவான ஒளிக்குழாய் அதன் நவீன உறவு: கூரைமேல் ஒரு தெளிந்த குமிழ், உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும் குழாய், சீலிங்கில் ஒளியைப் பரப்பும் மூடி. அதை எங்கே பொருத்துவது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விதிகள் மூன்று. வீட்டின் மிக இருண்ட அறையைத் தேர்ந்தெடு. வெயில் பார்க்கும் தெற்குச் சரிவில் வை. குழாயைக் குட்டையாகவும் நேராகவும் விடு. இவற்றில் மூன்றாவது சரி. இரண்டாவது இந்த ஊருக்குப் பொருந்தாது. முதலாவதுதான் அதிகம் ஏமாற்றுவது.

மூன்றாவதை முதலில் பார்ப்போம். குழாய்ச் சுவரில் ஒவ்வொரு முறை பட்டுத் தெறிக்கும்போதும் ஒளி கொஞ்சம் குறையும். 99 வீதம் தெறிக்கவிடும் பூச்சு என்றால் பத்துத் தெறிப்புக்குப் பின்னும் 90 வீதம் மிஞ்சும். 95 வீதப் பூச்சு என்றால் 60தான். மலிவான குழாய் எங்கே தோற்கிறது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும். ஆனால் சூரியன் உச்சியில் நிற்கும் ஊரில் ஒளி செங்குத்தாக இறங்குகிறது, தெறிப்புகள் குறைவு. 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயின் வாயில் உச்சிவெயில் ஏறத்தாழ 5,000 லூமன் ஒளியைக் கொட்டும். வழியில் பாதி போனாலும் மிச்சம் மூன்று 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ்களுக்குச் சமம். வாடைக்கால மூட்டத்தில் அது பத்தில் ஒன்றாகவும் சுருங்கலாம். அந்த வெளிச்சத்தில் குளிக்கலாம். ஊசியில் நூல் கோர்ப்பது கடினம்.

தெற்குச் சரிவு என்ற விதி, ஆண்டு முழுக்கச் சூரியன் தெற்கிலேயே சாய்ந்து நிற்கும் நாடுகளில் பிறந்தது. திருகோணமலை வடக்கு அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஓகஸ்ட் கடைசிவரை நண்பகலில் அது வடக்குப் பக்கம்தான். மார்கழியில்கூட நண்பகல் வெயில் 58 பாகை உயரத்தில் நிற்கும். ஆகவே எந்தச் சரிவில் வைத்தாலும் ஒளிக்குப் பஞ்சமில்லை.

இங்கே திசையைத் தீர்மானிக்க வேண்டியது மழை. ஒக்டோபர் முதல் ஜனவரிவரை வடகிழக்கிலிருந்து வாடை மழையை அடித்துக்கொண்டு வருகிறது. மே முதல் செப்ரெம்பர்வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் பெரும்பாலும் வறண்ட காற்று. கூரையில் போட்ட துளைக்கு எதிரி வாடைதான் என்பதால் அதற்கு முதுகைக் காட்டும் தென்மேற்குச் சரிவே பாதுகாப்பு. பின்னேர வெயிலின் சூடு அந்தப் பக்கம் கூடத்தான் செய்யும். ஆனால் குழாயின் வாய் சிறியது. சூட்டைப் பொறுக்கலாம், ஒழுக்கைப் பொறுக்க முடியாது. சரிவில் எவ்வளவு உயரத்தில் என்பதிலும் ஓர் இழுபறி உண்டு. தாழ்வாரத்துக்குக் கிட்ட வைத்தால் கூரை நீர் முழுவதும் அதைத் தாண்டித்தான் வழியும். முகட்டோடு ஒட்டி வைத்தால் புயற்காற்று பிய்த்தெடுக்கும். 2020 டிசம்பர் 2 அன்று புரெவி சூறாவளி கரையேறியது இதே மாவட்டத்தில், திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில். எனவே முகட்டிலிருந்து இரண்டு மூன்று ஓட்டு வரிசை கீழே இறங்குவது நடுவழி. தென்னையின் கீழே கூடாது. ஏணி எட்டும் இடமாகவும் இருக்க வேண்டும்: கச்சான் மாதங்களில் புழுதியும் கடலுப்பும் குமிழில் படியும், துடைக்க ஆள் ஏற வேண்டும். குரங்குகள் கூரைமேல் ஓடித்திரியும் ஊர் இது என்பதால் குமிழின் உறுதியும் கணக்கில் வரும்.

கூரை எதனால் ஆனது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. அஸ்பெஸ்ரஸ் சீற்றில் வட்டம் வெட்டுவது தூசியை வீட்டுக்குள் அழைப்பது. எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அங்கே வெட்டாமல், ஒரு முழுச் சீற்றைப் பக்குவமாகக் கழற்றி ஒளி ஊடுருவும் சீற்றைப் போடுவதே மேல் என்று தோன்றும். ஆனால் ஒரு மீற்றர் அகலமும் இரண்டரை மீற்றர் நீளமும் கொண்ட சீற், பரப்பில் அந்தக் குழாய் வாயைப்போல் ஐம்பது மடங்கு. சூடும் அந்த அளவில்தான் இறங்கும். அது குசினிக்குப் பின்னால் இறக்கிய பத்திக்குப் பொருந்தும், ஆட்கள் இருக்கும் அறைக்குப் பொருந்தாது. கொங்கிறீற் பிளேட் வீடுகளில் சிக்கல் வேறு. துளைத்தால் கம்பி அறுபடும். மேல்மாடிக்கென்று தூண்களில் கம்பியை நீட்டி விட்டிருப்பவர் நாளை எழுப்பும் அறை குழாயை மூடிவிடும். ஓட்டு வீட்டிலோ, சீலிங் அடிக்காத அறைக்கு ஒளிக்குழாயே தேவையில்லை. ஒரு கண்ணாடி ஓட்டின் பரப்பும் குழாய் வாயின் பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். விலையில் ஒப்பே இல்லை. கூரைக்கும் அறைக்கும் இடையே சீலிங் மறிக்கும் இடத்தில் மட்டும்தான் குழாய்க்கு நியாயம் இருக்கிறது.

இனி அந்த முதல் விதி. இருள் எல்லாம் குறையல்ல. இரவுக் கடலுக்குப் போய் விடியலில் திரும்பும் திருக்கடலூர் மீனவருக்கும், சீனன்குடா ஆலைகளில் இரவு வேலை முடித்து வருபவருக்கும் பகல் இருட்டு அறை ஒரு சொத்து. அணைக்க முடியாத விளக்கை அவர்கள் படுக்கைக்கு மேலே பொருத்துவது கெடுதல். சாமான் அறை இருண்டிருந்தால் குடிமுழுகிப் போகாது. பகலில் நின்று வேலை செய்யும் இடம் எது, அங்கே கை மறைகிறதா என்பதே கேட்க வேண்டியது. அப்படிக் கேட்டால் தேறுபவை பெரும்பாலும் மூன்று: குசினியில் வெட்டும் மேசை, யன்னலற்ற குளியலறை, வயதானவர் தட்டுத்தடுமாறும் நடை. குசினியிலும் அறையின் மையத்தில் வைத்தால் நிற்பவரின் நிழலே மேசைமேல் விழும். மேசைக்கு நேர் மேலேதான் வேண்டும்.

மிச்சம் பிடிக்கலாம் என்ற வாதம் மட்டும் நிற்காது. 9 வாற்று மின்குமிழ் நாளுக்குப் பத்து மணிநேரம் எரிந்தாலும் மாதம் மூன்று அலகுகூட வராது. மாலை மின்வெட்டுக்கும் குழாய் உதவாது. அதைவிடப் பெரிய குறை, அது வெளிச்சம் தரும், காற்றுத் தராது என்பது. பழைய நாற்சார் வீடுகளின் முற்றம் இரண்டையும் ஒருசேரத் தந்தது. 1960களின் தொடக்கத்தில் கொழும்பின் சிறிய காணியொன்றில் ஏனா டி சில்வா என்ற கலைஞருக்கு வீடு கட்டிய கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, முற்றத்தையே அதன் நடுவாக வைத்தார். புதிதாகக் கட்டுபவர் நாலடிச் சதுரத்தில் ஒரு வெளியை விட்டாலே குழாய்க்கு வேலை இருக்காது. கட்டி முடித்த, பக்கச் சுவரில் யன்னல் திறக்க வழியற்ற வீட்டுக்குத்தான் அது மருந்து.

அந்த வீட்டிலும் இடத்தைக் குறிப்பது பெரும்பாலும் வீட்டுக்காரரும் மேசனும்தான். ஒருநாள் பகலில் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு, யார் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்தபின் குறிக்கட்டும். குசினியில் நிற்பவரிடம் கேட்காமல் போட்ட குழாய் விருந்தினர் அறைக்குத்தான் அழகு சேர்க்கும்.