தேற்றுமொழியும் வாய்மையும்: மாக்சிம் கார்க்கியின் நாடகமும் அகிரா குரோசாவாவின் 'தொன்சோகோ' திரைப்படமும்

ஆய்வுச் சுருக்கம்

மாக்சிம் கார்க்கியின் 'அடித்தளத்தில்' (1902) நாடகத்தை அகிரா குரோசாவா 1957ஆம் ஆண்டில் 'தொன்சோகோ' என்னும் பெயரில் திரைப்படமாக்கினார். நாடகத்தின் கொள்கை உச்சமாகப் போற்றப்படும், சாட்டின் ஆற்றும் மனிதப் பெருமை உரைக்கு நிகரான உரை படத்தில் இல்லை. இந்நீக்கம் மூலத்திற்கு இழைத்த குறையா, மூலத்தைப் பற்றிய விளக்கமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கார்க்கி, குரோசாவா, தழுவல், தேற்றுமொழி, வாய்மை, எதோ காலம்.

முன்னுரை

'அடித்தளத்தில்' 1902 டிசம்பரில் மாஸ்கோ கலை அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே சாட்டினாக நடித்தார். நிலவறை விடுதி ஒன்றில் ஒதுங்கிய திருடன், நடிகன், பூட்டுத் தொழிலாளி, சீட்டாடி ஆகியோரிடையே லூக்கா என்னும் வழிப்போக்கன் வந்து ஆறுதல் கூறி மறைகிறான். வாய்மை சிறந்ததா, இரக்கம் சிறந்ததா என்பதே நாடகத்தின் அடிப்படை வினா. இதே நாடகத்தை 1936இல் பிரான்சில் படமாக்கிய ழான் ரெனுவார், காதலர் இருவரும் சாலையில் நடந்து செல்வதாகக் கதையை முடித்தார். குரோசாவா எவருக்கும் அத்தகைய சாலையைத் திறந்துவிடவில்லை.

களமும் காலமும்

குரோசாவாவும் ஹிதேயோ ஒகுனியும் எழுதிய திரைக்கதை, நாடகத்தின் நிகழ்ச்சிப் போக்கைப் பெரிதும் பின்பற்றிக்கொண்டே களத்தை எதோ கால ஜப்பானுக்கு மாற்றுகிறது. சீமானின் இடத்தில் தன்னைச் சாமுராய் மரபினன் எனச் சொல்லிக்கொள்பவன் நிற்கிறான், லூக்கா யாத்திரிகனாகிறான். படம் விடுதியின் உட்புறத்தையும் முற்றத்தையும் விட்டு வெளியே செல்வதே இல்லை எனலாம். தொடக்கக் காட்சியில், மேட்டிலிருந்து சிலர் குப்பையைக் கீழே கொட்டுகின்றனர். அது விழும் இடத்தில்தான் விடுதி உள்ளது. மேலே இருப்போருக்கு அது குப்பைமேடு. கீழே இருப்போருக்கு வீடு. நாடகத்தில் உரையாடலால் உணர்த்தப்படும் சமூக உயர்வு தாழ்வை, படம் ஒரு சொல்லும் விளக்கமாகக் கூறாமல் நில அமைப்பாலேயே நிறுவிவிடுகிறது.

தேற்றுமொழியின் பயன்

யாத்திரிகனின் சொற்கள் மூவரிடம் மூன்று விதமாகப் பலிக்கின்றன. இறக்கும் நிலையிலுள்ள ஆசாவுக்கு மறுமையின் அமைதியைப் பற்றிச் சொல்கிறான். அச்சொல்லின் உண்மையைச் சோதிக்க எவராலும் இயலாது. திருடன் சுதேகிச்சியை அவன் விரும்பும் பெண்ணோடு வெளியேறுமாறு தூண்டுகிறான். அவ்வழி திறப்பதற்குள் விடுதி உரிமையாளனின் கொலை நிகழ்ந்துவிடுகிறது. குடிப்பழக்கத்திலிருந்து மீளலாம் என்னும் நம்பிக்கையை நடிகனுக்கு ஊட்டுகிறான். அந்நம்பிக்கை சிதைந்தபின் அவன் தூக்கிட்டு இறக்கிறான். கொலையை ஒட்டிய குழப்பத்தில் யாத்திரிகன் நழுவிவிடுகிறான். தேற்றுபவன் தன் சொல்லின் விளைவைக் காண இருப்பதில்லை. எனினும் போகுசென் ஹிதாரியின் நடிப்பில் அவன் வஞ்சகனாகத் தோன்றவில்லை. கார்க்கியே 1930களில் லூக்காவின் ஆறுதலைத் தீங்கானதெனக் கண்டித்தார். படமோ அத்தீர்ப்பை வழங்காமல் விளைவுகளை மட்டும் அடுக்கிக் காட்டுகிறது.

நீக்கப்பட்ட உரை

சாட்டினின் உரையை நீக்கியதால் படம் நம்பிக்கையற்றதாகிவிட்டது என வாதிடலாம். ஆனால் நாடகத்திலேயே அவ்வுரை குடிமயக்கத்தில் பேசப்படுகிறது. மனிதனின் பெருமையை முழங்கிய அதே அங்கத்தில்தான் நடிகன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். ஆக, லூக்காவின் பொய் அவனைக் காப்பாற்றாதது போலவே சாட்டினின் மெய்யும் காப்பாற்றவில்லை. கார்க்கியின் நாடகத்தில் உறைந்துள்ள இம்முரணையே குரோசாவா பற்றிக்கொள்கிறார்.

உரையின் இடத்தைப் படத்தில் இறுதிக் களியாட்டம் நிரப்புகிறது. நாடகத்தில் சிறைவாசியின் பாடல் ஒலிக்க, படத்தில் திருவிழா இசையான 'பாகபாயாஷி' ஒலிக்கிறது. இசைக்கருவிகள் இல்லாத அவர்கள் வாயாலேயே தாளமும் இசையும் எழுப்பி ஆடுகின்றனர். ஒருவருக்கொருவர் இரங்காத இம்மனிதர்கள் ஒன்றுகூடி உருவாக்கும் ஒரே பொருள் இதுவே. மனித மாண்பு குறித்து எவரும் பேசாத படத்தில், அம்மாண்பின் சாயல் இக்கூட்டிசையில் தென்படுகிறது. நடிகனின் மரணச் செய்தி வந்ததும் ஆட்டம் நிற்கிறது. களிப்பைக் கெடுத்துவிட்டானே எனச் சூதாடி சலித்துக்கொள்கிறான். படம் சட்டென முடிகிறது. சூதாடியின் கடைசிச் சொல் நாடகத்திலும் உண்டு. ஆனால் அங்கு அதற்கு முன் பேருரை ஒன்று நிகழ்ந்துள்ளது. இங்கு அச்சொல்லுக்கு எதிர்நிற்க எதுவும் இல்லை.

முடிவுரை

இத்தழுவலில் இழப்பு உண்டு. அடித்தள மக்கள் தம் நிலையைத் தாமே கருத்தாக்கிப் பேசும் உரிமையைச் சாட்டின் பெற்றிருந்தான். படத்தில் அவ்வுரிமை எவருக்கும் இல்லை. ஆயினும் உரையை நீக்கியதன்வழி குரோசாவா மூல வினாவைத் தீர்க்காமல் கூர்மையாக்குகிறார். வாய்மையா இரக்கமா என்னும் விவாதத்தில் இரு தரப்பும் பேசி முடித்தபின் எஞ்சுவது நடிகனின் உடல். அவ்வுடலுக்கு எக்கொள்கை விடையளிக்கும் என்பதைப் படம் பார்வையாளரிடமே விட்டுச்செல்கிறது.