கண்ணும் கடிகாரமும்

நம் சமுதாய ஏடுகளைத் தொடர்ந்து வாசித்து வருவோருக்கு ஒரு வகைக் கட்டுரை மிகவும் பழக்கமானது. அது கண்ணைப் பற்றியோ இருதயத்தைப் பற்றியோ தொடங்கும். கண்ணைப் புகைப்படக் கருவிக்கும், இருதயத்தை ஓய்வறியா இயந்திரத்துக்கும், மூளையைத் தந்தி நிலையத்துக்கும் ஒப்பிடும். அணுவளவும் பிழையில்லாத இந்த அமைப்பு தானே தோன்றியிருக்க முடியுமா என்று கேட்கும். கடிகாரத்தைக் கண்டவன் அதைச் செய்தவன் ஒருவன் இல்லை என்பானா என்னும் வினாவுடன் முடியும். நானும் இத்தகைய கட்டுரைகளை வாசித்து வளர்ந்தவனே. ஒன்றிரண்டு எழுதியும் இருக்கிறேன். இன்று அந்த வகை எழுத்தையே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். அதன் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. அதன் வாதம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று பார்ப்பதே என் எண்ணம்.

இதற்குத் தூண்டுகோலாய் அமைந்தது ஒரு வீட்டில் நான் கேட்ட கேள்வி. உறவினர் இல்லத்தில் குழந்தை பிறந்திருந்தது. மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. பார்க்கப் போனவர்களுள் முதியவர் ஒருவர், ஆறுதல் கூறும் எண்ணத்துடன், "அல்லாஹ்வுடைய படைப்பில் குறையே கிடையாதும்மா" என்றார். அந்த இளந்தாய் நிமிர்ந்து பார்த்து, "அப்படின்னா குறை யார்கிட்ட, பெரியத்தா? என்கிட்டயா?" என்று கேட்டாள். முதியவர் வாயடைத்துப் போனார். அந்த இடைவெளியில் மூலையிலிருந்த ஒரு மூதாட்டி, கிரகணத்தன்று இவள் வெளியே நடமாடியதுதான் காரணம் என்றார். நம் கட்டுரைகளில் நூறு முறை அச்சான ஒரு வாக்கியம் ஒரு தாயின் தலையில் பழியாய் இறங்கியதை அன்று கண்ணாரக் கண்டேன்.

முதலில் அந்தக் கடிகாரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1802ஆம் ஆண்டில் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வெளியிட்ட இயற்கைச் சமயவியல் நூல்தான் அந்த உவமைக்குப் புகழ் தேடித் தந்தது. படைப்பின் ஒழுங்கைச் சான்றாகக் காட்டும் மரபு நம்மிடமும் உண்டு என்பது உண்மையே. இப்னு ருஷ்து (இறப்பு 1198) அதனை ஓர் ஆதாரமாகவே வகுத்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா'வில் சிந்தனையைப் பற்றிய தனிப் பகுதியே இருக்கிறது. எனினும் பேலி ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே எழுதியிருந்தார்: கடிகாரம் சில வேளைகளில் பிழையாக ஓடினாலும், அதைச் செய்தவன் உண்டு என்ற முடிவு அதனால் கெடாது என்பதே அது. நம்மவர்கள் உவமையை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். 'பிழையே இல்லை' என்பதைத் தம் வாதத்தின் அடித்தளமாக்கினார்கள். அடித்தளம் அதுவானால், ஒரே ஒரு பிழையைக் காட்டுபவன் வீட்டையே சரித்துவிடலாம் அன்றோ?

பிழையைக் காட்டுவது கடினமும் அன்று. கண்ணையே எடுத்துக்கொள்வோம். விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் பின்புறம் இருக்கின்றன. நரம்பிழைகள் அவற்றுக்கு முன்னால், ஒளி வரும் வழியில் கிடக்கின்றன. அந்த இழைகள் ஒன்றுகூடி வெளியேறும் இடத்தில் பார்வையே இல்லை. குருட்டுப்புள்ளி என்பது அதுதான். ஆக்டோபஸின் கண்ணில் நரம்புகள் பின்புறமாகவே செல்வதால் அதற்கு இந்தக் குருட்டுப்புள்ளி கிடையாது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868இல் பார்வையைப் பற்றி ஆற்றிய உரைகளில், இத்தனை குறைகளுடன் ஒரு கருவியை எவரேனும் தமக்கு விற்க வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்ற கருத்தைச் சொன்னார். அதைப் பலரும் எடுத்தாள்வர். ஆனால் அவர் உடனே சேர்த்துச் சொன்னதைச் சிலரே நினைவூட்டுவர்: தம் கண்களை மட்டும் குறைகளுடனேயே, இயன்ற காலமெல்லாம் வைத்துக்கொள்வதில் தமக்கு மகிழ்ச்சியே என்றார் அவர்.

கண்ணோடு இது நிற்பதில்லை. உணவும் மூச்சும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. ஒரு கவளம் வழிதவறினால் உயிர் போகும். குரல்வளைக்குச் செல்லும் இடப்பக்க நரம்பு நேரே போகாமல் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது. பெரும்பாலான பாலூட்டிகள் தம் உடலிலேயே 'சி' வைட்டமினைத் தயாரித்துக்கொள்ள, நம்முள் அதற்கான மரபணு சிதைந்து செயலற்றுக் கிடக்கிறது. அதனாலன்றோ நெடுங்கடல் மாலுமிகள் ஸ்கர்வி நோயால் மடிந்தார்கள்! பிரசவமோ இவை எல்லாவற்றிலும் கடியது. கருவுற்றமை, மகப்பேறு ஆகியவற்றை ஒட்டி 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 2,87,000 பெண்கள் உயிரிழந்ததாக ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் மதிப்பிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை தக்க மருத்துவம் கிடைத்திருந்தால் தடுக்கக்கூடியவை என்பதையும் மறக்கலாகாது.

உயிரியலார் இவற்றுக்குத் தரும் விளக்கம் பரிணாமம். முன்னோரிடமிருந்து வந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக மாற்றியதால் இந்தச் சுற்றுவழிகள் ஏற்பட்டன என்பர். பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிரான்சுவா ஜாக்கோப் 1977இல் எழுதிய கட்டுரையில், இயற்கையின் வேலை பொறியாளர் வேலையைப் போன்றதன்று, கையில் கிடைத்ததைக் கொண்டு ஒட்டுப்போடும் வேலையைப் போன்றது என்று விளக்கினார். ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1986இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே, பேலியின் கடிகாரக்காரரைக் குருடராக்கிவிட்டார்.

இதற்கு நம்மவர் கூறும் மறுமொழி, 'இன்று பயனற்றதாய்த் தோன்றுவதற்கு நாளை பயன் தெரியவரும்' என்பது. அதில் உண்மை இல்லாமலில்லை. 1893இல் வீடர்ஸ்ஹைம் என்ற உடற்கூற்று அறிஞர் மனித உடலில் எஞ்சிநிற்கும் பழைய உறுப்புகள் என 86 உறுப்புகளைப் பட்டியலிட்டார். அதில் இடம்பெற்ற குடல்வால், குடலின் நன்மை தரும் கிருமிகளுக்குப் புகலிடமாகலாம் என்று 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கருத்துரைத்தனர். அதே ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள், விழித்திரையின் ஒருவகை உயிரணுக்கள் ஒளியை நரம்பிழைகளினூடே சிதறாமல் ஏந்திச் செல்வதைக் கண்டறிந்தனர். குறை என்று தீர்ப்பெழுத அவசரப்பட்டவர்களும் நாணும்படி ஆனதுண்டு.

எனினும் இந்த மறுமொழி நாளைய ஆராய்ச்சியின் பேரில் இன்று எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரமே. குடல்வாலுக்குப் பயன் கிடைத்தது என்பதால், கவளம் சிக்கி மூச்சடைத்தவனுக்கு ஆறுதல் கிடைத்துவிடாது. பிளந்த அண்ணத்துக்கு மறைவான பயன் ஒன்று உண்டு என்று அந்தத் தாயிடம் சொல்ல நமக்கு நா எழுமா?

மறுதரப்பாரின் வாதத்திலும் ஓட்டை உண்டு. கருவியை அதன் நோக்கம் தெரிந்தவனே குறையுடையது என்று சொல்ல முடியும். மனித உடலின் நோக்கம் தேய்மானமின்றி என்றென்றும் ஓடுவது என்று யார் சொன்னார்கள்? நரம்பின் சுற்றுவழியைக் காட்டி அவர்கள் மறுப்பது, பட்டறையில் உட்கார்ந்து வரைபடம் தீட்டும் ஒரு தொழில்நுட்பரைத்தான். அத்தகைய தொழில்நுட்பரைத் தொழுமாறு நமக்கு எவரும் போதிக்கவில்லை. நம் கட்டுரையாளரும் அவர்களும் எதிரெதிரே நின்றாலும் கையில் பிடித்திருப்பது ஒரே அளவுகோல்தான்.

நம் முன்னோர் இந்த அளவுகோலை எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அடியார்களுக்கு மிக உகந்ததையே செய்ய இறைவன் கடமைப்பட்டவன் என்று முஃதஸிலாக்களுள் ஒரு சாரார் வாதிட்டனர். இமாம் அபுல் ஹஸன் அஷ்அரீ (ரஹ்) அவர்கள் தம் ஆசிரியர் ஜுப்பாயீயிடம் மூன்று சகோதரர்களைப் பற்றிக் கேட்டதாக வரும் வரலாறு புகழ்பெற்றது. ஒருவன் நல்லடியான், ஒருவன் மறுத்தவன், ஒருவன் சிறுவனாகவே இறந்தவன். 'என்னை வாழவிட்டிருந்தால் நானும் நல்லடியானாகியிருப்பேனே' என்று சிறுவன் முறையிட்டால்? 'வளர்ந்தால் நீ மறுத்திருப்பாய். உன் நன்மைக்காகவே முன்னதாக எடுத்துக்கொண்டேன்' என்று விடை வரும். அப்போது மறுத்தவன் எழுந்து, 'என்னையும் சிறுவயதிலேயே ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?' என்று கேட்டால் என்ன விடை? ஜுப்பாயீயிடம் விடை இல்லை. ஒவ்வொரு துன்பத்துக்கும் அவரவர் நன்மையையே காரணமாகக் காட்டிக் கணக்கை நேர்செய்ய முடியாது என்பதே அந்த வரலாறு தரும் பாடம்.

பிற்காலத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்), உள்ள படைப்பைவிட மேலானது சாத்தியமில்லை என்ற கருத்தை எழுதியபோது, அது இறைவனின் ஆற்றலுக்கு எல்லை கட்டுவதாகும் என்று அறிஞர் சிலர் மறுத்தனர். 15ஆம் நூற்றாண்டின் பிகாஈ அவர்களுள் ஒருவர். சுயூத்தீ இமாமின் பக்கம் நின்று விடை எழுதினார். நூற்றாண்டுகளாய் நீண்ட இந்த விவாதத்தில் இரு சாராரும் ஈமானுடையவர்களே. உலகம் குறையற்றதா என்ற வினா அவர்களுக்கு விவாதத்துக்குரியதாகவே இருந்தது. நாமோ அதனை ஈமானின் நுழைவாயிலாக்கிவிட்டோம்.

விஞ்ஞானம் வளர்த்த நம் முன்னோரும் குறையைக் கண்டு மிரளவில்லை. இப்னுல் ஹைஸம் தம் ஒளியியல் பெருநூலின் மூன்றாம் பகுதியைப் பார்வையின் பிழைகளை ஆராய்வதற்கே ஒதுக்கினார். ஷாஃபிஈ சட்ட அறிஞராகவும் மருத்துவராகவும் விளங்கிய இப்னு நஃபீஸ், 1242இல், இருதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்ற காலெனின் கூற்றை மறுத்து, இரத்தம் நுரையீரல் வழியே செல்வதை எழுதினார். இருப்பது இன்னவாறு என்று நேர்மையுடன் சொல்வதே அவர்களுக்கு வணக்கமாய் இருந்தது.

திருமறையும் நம் கட்டுரைகளைவிட வெளிப்படையாய்ப் பேசுகிறது. படைப்பில் பிளவைக் காண்கிறாயா என்று கேட்கும் அல்முல்க் அத்தியாயத்தின் வசனம் ஏழு வானங்களைப் பற்றிய பேச்சில் வருகிறது. மனிதன் அழகிய அமைப்பில் படைக்கப்பட்டதைக் கூறும் அத்தீன் அத்தியாயம், அடுத்த வசனத்திலேயே அவனது தாழ்வையும் கூறுகிறது. மனிதன் பலவீனனாகவே படைக்கப்பட்டான் என்று அன்னிஸா அத்தியாயமும், தாய் பலவீனத்தின் மேல் பலவீனத்துடன் சுமக்கிறாள் என்று லுக்மான் அத்தியாயமும் உரைக்கின்றன. பலவீனத்தை இறைவனே சொல்லியிருக்க, அவனுக்காக நாம் அதை ஏன் மறைக்க வேண்டும்?

மூதாட்டி கூறிய கிரகணத்துக்கு வருவோம். ஹிஜ்ரி 10இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. அந்த மரணத்துக்காகவே அது நேர்ந்தது என்று மக்கள் பேசினர். துயரத்தின் நடுவிலும் நாயகம் (ஸல்) அவர்கள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தம் வீட்டுத் துயரத்துக்கு வானத்தைச் சாட்சியாக்க நாயகமே மறுத்திருக்க, நம் வீட்டுப் பெண்ணின் மீது கிரகணத்தைச் சாட்சியாக்க நமக்கு என்ன உரிமை? கருவின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையே இருபுறத் தசைகளும் ஒன்றிணைந்து உதடு உருவாகிறது. அவை முழுதும் இணையாதபோது பிளவு நேர்கிறது. மரபணுக்களும் பிற சூழல்களும் சேர்ந்து இதற்குக் காரணமாகின்றன. கிரகணத்துக்கு அதில் பங்கு இல்லை. உதட்டுக்கு முதல் சில மாதங்களிலும், அண்ணத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குள்ளும் அறுவை மருத்துவம் செய்து சீராக்கலாம்.

அப்படியானால் ஏன் இந்தப் பிளவு, ஏன் இந்தக் குழந்தைக்கு என்ற வினா நீங்கிவிட்டதா? இல்லை. அஷ்அரீ இமாமின் மூன்று சகோதரர்களைப் போல அது நின்றுகொண்டுதான் இருக்கிறது. இதைச் சோதனை என்று தாய் தானே உணர்ந்து சொன்னால் அது அவளுடைய ஈமான்; பக்கத்தில் உட்கார்ந்து நாம் சொன்னால் அது பெரும்பாலும் நம் சங்கடத்துக்கு நாம் தேடும் மருந்து.

இங்கே அபஸ அத்தியாயத்தை நினைக்கிறேன். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் நாயகத்தின் (ஸல்) அவைக்கு வந்த நிகழ்ச்சியை ஒட்டி இறங்கியது அது. அவர் ஏன் பார்வையின்றிப் படைக்கப்பட்டார் என்று ஒரு சொல்லும் அங்கே இல்லை. நாடி வந்த அவருக்கு முகம் கொடுக்கப்பட்டதா என்பதே அங்கு எழும் வினா. பின்னாளில் அவர் மதீனாவின் முஅத்தின்களுள் ஒருவரானார். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியே சென்ற வேளைகளில் அந்நகரின் பொறுப்பையும் ஏற்றார். குறையைப் பற்றி இறைவன் நம்மிடம் கேட்கும் கணக்கு இத்தகையது.

எழுத்தாள நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கண்ணைப் பற்றித் தாராளமாய் எழுதுங்கள். அதன் குருட்டுப்புள்ளியையும் சேர்த்தே எழுதுங்கள். வியப்பதற்கு அது தடையாகாது. ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கே ஆகவில்லையே! குறையே இல்லை என்ற சொல் மட்டும் இனி நம் ஏடுகளில் வேண்டாம். அது குறையுடன் பிறந்த பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்ச் சேருகிறது.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்று ஒருவரும் விடை சொல்லவில்லை. நான் உட்பட. இன்று சொல்கிறேன்: இல்லை மகளே, குறை உன்னிடம் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொள், மருத்துவரிடம் நாங்களும் உடன் வருகிறோம்.