இரட்சணிய யாத்திரிகத்தில் நம்பிக்கையும் புதுவாழ்வும்

திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் பெருவழியும், கோவையிலிருந்து பல்லடம் வழியாகக் கரூர் செல்லும் பெருவழியும் கூடும் இடத்தில் அவிநாசிபாளையம் என்னும் ஊர் உள்ளது. பின்னலாடைத் தொழில் பெருகிய பின்னர், இவ்வட்டாரம் வழிச்செல்வோர் தங்கும் இடமாக மட்டும் இன்றி, பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புத் தேடி வந்தோர் வாழும் இடமாகவும் ஆகிவிட்டது. நெல்லை முதலிய தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோரும் அவருள் பலர். ஊரின் பெயரோ, வடக்கே சிறிது தொலைவில் உள்ள அவிநாசித் தலத்தை நினைப்பூட்டுகிறது. அவிநாசி என்பதற்கு அழிவு இல்லாதது என்பது பொருள். வழி, அழிவு, அழியாமை என்னும் மூன்றும் ஒருங்கே நினைவுக்கு வரும் இவ்விடத்தை முன்னிட்டு, அம்மூன்றையுமே பொருளாகக் கொண்ட ஒரு தமிழ்க் காப்பியத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அதுவே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம்.

1. ஆசிரியரும் நூலும்

கிருஷ்ணபிள்ளை 1827ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையிலுள்ள கரையிருப்பில், வைணவ வேளாளர் குடியில் தோன்றியவர். இளமையிலேயே கம்பராமாயணத்தில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858ஆம் ஆண்டில் சென்னையில் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவரானார். தாம் அவ்வாறு ஆன வரலாற்றை உரைநடையிலும் எழுதி வைத்தார். இரட்சணிய மனோகரம் முதலிய பிற நூல்களும் அவர் இயற்றினார். 1900ஆம் ஆண்டில் மறைந்தார்.

இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் என்னும் திங்களிதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்து, 1894ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும் 3,766 பாடல்களும் உடையது. ஆங்கிலப் புலவர் ஜான் பன்யன் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட உருவகக் கதையே இதற்கு மூலம். (அப்பெயரைப் பனியன் என எழுதுவாரும் உளர், பனியனே தொழிலாகிய இவ்வட்டாரத்தில் அது நகைக்கு இடமாகும் ஆதலின் பன்யன் என்றே எழுதுகின்றோம்.)

ஆண்டுகளை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஆசிரியர் சமயம் மாறியது தம் முப்பத்தொன்றாம் அகவையில். காப்பியம் அச்சேறியது அறுபத்தேழாம் அகவையில். இடையில் முப்பத்தாறு ஆண்டுகள் சென்றுள்ளன. ஆகவே, புதிதாக மனம் மாறிய ஒருவரின் முதல் எழுச்சியில் பிறந்த நூல் இது என்று கூறுதல் பொருந்தாது. நெடுவழி நடந்து முடித்த முதியவர் ஒருவர், தாம் புறப்பட்ட நாளைத் திரும்பிப் பார்த்துப் பாடிய நூல் என்பதே பொருந்தும்.

2. வினா

இந்நூலைப் பற்றி அறிஞரிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. ஆசிரியரைக் கிறிஸ்தவக் கம்பர் எனப் போற்றி, நூலைத் தமிழ்க் காப்பிய மரபின் தொடர்ச்சியாகக் கொள்வார் ஒரு சாரார். ஆங்கிலக் கதைக்குத் தமிழ்ச் சட்டை அணிவித்தது அன்றி வேறில்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டுமே நூலைப் புறத்தே நின்று நோக்கிய முடிவுகள் என்பது எம் கருத்து. சொல்லும் யாப்பும் கம்பரை ஒத்தல் ஒன்றே ஒரு நூலைத் தமிழ் நூலாக்கிவிடாது. கதை அயல்நாட்டது ஆதல் ஒன்றே அதனை அயல் நூலாக்கிவிடாது. கம்பர் கதையும் வடநாட்டதே அன்றோ? ஆதலின் கேட்க வேண்டிய வினா வேறு. கிறிஸ்தவ சமயம் கூறும் நம்பிக்கையும் புதுவாழ்வும் இந்நூலில் தமிழருக்கு உரிய உணர்ச்சிகளாக மாறியுள்ளனவா? இதுவே வினா.

3. பிறவி என்னும் சொல்லின் இடர்ப்பாடு

கிறிஸ்தவ மறையில் மறுபடியும் பிறத்தல் என்பது தலையாய கருத்து. நிக்கொதேமு என்பான் இரவில் வந்து இயேசுவிடம் உரையாடும் யோவான் நற்செய்திப் பகுதியில் அது கூறப்படுகிறது. ஆயின் தமிழ்ச் செவிக்கு மறுபிறப்பு என்பது இனிய சொல் அன்று. பிறவியைக் கடலாகவும் நோயாகவும் கண்டு, அதனினின்று நீங்குதலையே வீடு எனக் கொண்டது நம் மரபு. மீண்டும் பிறத்தல் நற்பேறு என்றால், தமிழ்க் கற்றோர் முதற்கண் திகைப்பர். விரும்பத்தகாத ஒன்றின் பெயரால் விரும்பத்தக்க ஒன்றைச் சொல்ல வேண்டிய நிலை புலவர்க்கு நேர்ந்தது.

இவ்விடர்ப்பாட்டிற்குத் தீர்வு நம் மரபிலேயே உண்டு. அதனை அவிநாசியே காட்டும். பெரியபுராணத்தின் வெள்ளானைச் சருக்கத்தில், சுந்தரர் திருப்புக்கொளியூராகிய அவிநாசிக்கு வருகின்றார். ஒரு வீட்டில் பூணூல் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை ஒலி. இரு வீட்டுச் சிறுவரும் ஒருங்கு நீராடச் சென்றபோது ஒருவனை முதலை விழுங்கிற்று. ஆண்டுகள் சென்றன. பிழைத்தவனுக்கு இன்று மங்கல விழா; ஆதலின் இழந்தோர்க்கு இன்று அழுகை. அப்பெற்றோர் சுந்தரரைக் கண்டதும் துயரை மறைத்து முகமலர்ச்சியோடு வந்து தொழுகின்றனர். அவர் குளக்கரையில் நின்று பதிகம் பாட, முதலை அம்மகனைச் சென்ற ஆண்டுகளின் வளர்ச்சியோடு கொணர்ந்து விடுகின்றது. பின்னர் அவனுக்கும் பூணூல் அணிவிக்கப்படுகிறது.

சேக்கிழார் ஒரே தெருவில் இரண்டு வகையான இரண்டாம் பிறப்பைக் காட்டியுள்ளமை நோக்கற்பாலது. ஒன்று சடங்கால் வருவது. மற்றொன்று அருளால் வருவது. முன்னதை உரிமையால் பெறலாம். பின்னதை எவரும் உரிமை கோரிப் பெற இயலாது. மேலும், மீண்ட மகன் புதிய உடலில் புதிய குடியில் பிறக்கவில்லை. அதே தாய் தந்தையரிடம், இழந்த ஆண்டுகளும் கூடியவனாய், வருகின்றான். ஒரே பிறவியில் வரும் புதுவாழ்வு என்னும் கருத்து தமிழருக்கு அயலானது அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. கிருஷ்ணபிள்ளையின் காப்பியத்தைக் கற்போர் இப்பின்புலத்தில் வைத்துக் கற்பின், அது மறுபிறவிக் கொள்கையோடு மோதும் நூலாகத் தோன்றாது. அருளால் மீட்கப்படுதலைப் பாடும் மரபில் வந்த நூலாகவே தோன்றும்.

4. அச்சமும் அன்பும்

பன்யன் கதை அச்சத்தில் தொடங்குகிறது. தன் நகர் அழியப் போகின்றது என அறிந்த ஒருவன், முதுகில் பெருஞ்சுமையோடு, மனைவி மக்கள் அழைப்பவும் திரும்பாமல், செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். சிலுவை நின்ற மேட்டை அடைந்ததும் சுமை தானே அவிழ்ந்து உருண்டு விழுகின்றது. இக்காட்சியை ஆங்கில ஆசிரியர் மிகச் சுருக்கமாகவே கூறுகின்றார். சிலுவையின் வரலாறு அவர்தம் வாசகர் அனைவர்க்கும் தெரிந்தது. ஆதலின் விரிக்க வேண்டுவதில்லை.

தமிழ்ப் புலவரோ இங்கே வேறு வழி சென்றார். குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளைத் தனியே விரித்துப் பாடினார். பழிமொழி கூறி எள்ளும் கூட்டத்தின் நடுவே இறைமகன் வாய் திறவாது பொறுத்து நிற்பதும், அது கண்ட நல்லோர் இந்நிலம் பிளவாது இருந்ததே, வானம் இடிந்து வீழாது நின்றதே என நெஞ்சுருகுவதும் அப்பகுதியில் உள்ளன. மேனிலைப் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றதும் இப்பகுதியே. இது மூலத்தில் இல்லாத சேர்க்கை. கதையின் ஓட்டத்தைத் தடுப்பது என்று குறை கூறுவார் உளர். கதை ஒன்றையே கருதினால் அக்குறை உண்மையே. பயணியை வழியில் நிறுத்திவிட்டுப் புலவர் வேறு கதை கூறப் புகுவது போலத் தோன்றும்.

ஆயினும் நூலின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது என்பது எம் துணிபு. தமிழ் வாசகருக்கு அவ்வரலாறு தெரியாது என்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று. அழிவுக்கு அஞ்சி ஓடுபவன் கதையை, துன்புற்ற ஒருவர்பால் கொண்ட அன்பில் ஊன்றி நிறுத்துகின்றார் புலவர். அஞ்சி ஓடுதல் தமிழ்ப் பத்திப் பாடலின் இயல்பு அன்று. கண்டு உருகுதலே அதன் இயல்பு. ஆழ்வார் பாடல்களில் பயின்ற உள்ளம், தன் புதிய கடவுளையும் உருகியே அறிய விழைந்தது. காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாடல்களை அவர் அமைத்ததும் இதுபற்றியே. கதை நடந்து செல்லும்; தேவாரம் வரும் இடங்களில் கதை நின்று தொழும். சைவர்க்கு உரிய பெயரை, வைணவராய்ப் பிறந்தவர், கிறிஸ்தவப் பாடலுக்கு இட்டது வெறும் அணி ஆகாது. எந்த உணர்ச்சியோடு அப்பாடலைப் பாட வேண்டும் என்று தமிழருக்குக் காட்டிய குறிப்பாகும் அது.

வீரமாமுனிவரின் தேம்பாவணியோடு ஒப்பிடின் இது இன்னும் தெளிவாகும். 3,615 பாடல்களால் ஆகிய அப்பெருநூல் சூசையப்பரைத் தலைவராகக் கொண்டது. கிறிஸ்தவராகவே பிறந்து, தமிழைப் பின்னர்க் கற்ற முனிவர் பாடியது. அதில் தூய்மை உண்டு, மாட்சி உண்டு. பழைய வாழ்வை விட்டுப் புதிய வாழ்வுக்குள் நுழைபவனின் கலக்கத்திற்கு அங்கே தலைமை இடம் இல்லை. கிருஷ்ணபிள்ளைக்கோ அக்கலக்கமே காப்பியப் பொருள்.

5. நம்பிக்கை என்பது யாது?

கிறிஸ்தவத் தமிழில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என மூன்றும் பிரித்துக் கூறப்படும். பொதுத் தமிழில் நம்பிக்கை என்னும் ஒரு சொல்லே முதலிரண்டையும் குறிக்கும். வருங்காலத்தை நோக்கிய எதிர்பார்ப்பு எது, ஒருவர்மேல் வைக்கும் பற்று எது என்று வேறுபடுத்த இயலாமல் கிடக்கும். இதனைத் தமிழின் குறை என்று கருதுவார் உளர். தொல்காப்பியர் உரியியலில் நம்பு என்னும் சொல்லுக்கு நசை என்று பொருள் கூறியிருத்தலை அவர் நினைத்தல் வேண்டும். நசையாவது விருப்பம். தமிழ்ச் சொல்லின் வேரில், நம்புதல் கணக்கிட்டுத் தெளிதலும் அன்று, நடக்கும் என்று கருதுதலும் அன்று, விரும்பிப் பற்றுதல். ஆகவே நம்பிக்கையை அன்பில் ஊன்றிய புலவர், அறிந்தோ அறியாமலோ, சொல்லின் பழம்பொருளுக்கே மீண்டார் எனலாம்.

பன்யன் கதையிலேயே இதற்குத் துணை செய்யும் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று: மாயச்சந்தையில் பயணியின் முதல் தோழன் கொல்லப்படுகின்றான், அவன் இறந்ததைக் கண்ட ஒருவனே நம்பிக்கை என்னும் பெயருடைய புதிய தோழனாகிப் பயணியோடு சேர்கின்றான். நம்பிக்கை நற்காலத்தில் பிறவாமல், ஒரு சாவின் அருகே பிறந்தது. மற்றொன்று: அவநம்பிக்கை என்னும் அரக்கன் இருவரையும் நிலவறையில் அடைத்து, உணவும் நீரும் இன்றி வருத்தி, தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளுமாறு தூண்டுகின்றான். மூன்று நாட்களுக்கு மேல் சென்ற பின்னரே, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததைப் பயணி நினைவு கூர்கின்றான். புதிதாக எதுவும் அவனுக்கு வந்து சேரவில்லை. பெற்றிருந்ததை மறந்தமையே அவனுக்குச் சிறையாயிற்று.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. சுமை விழுவது வழியின் தொடக்கத்திலே. நிலவறை வருவது வழியின் பிற்பகுதியிலே. ஆகவே புதுவாழ்வு என்பது துன்பம் ஒழிந்த நிலை அன்று. துன்பத்தைத் துணையோடு கடக்கும் நடை. தமிழ்ப் புலவர் யாத்திரிகம் என்று பெயரிட்டதன் பொருத்தமும் இதுவே. முப்பத்தாறு ஆண்டு நடந்தவர் அன்றி இதனை இவ்வளவு விரித்துப் பாடியிருத்தல் அரிது.

6. குறைகள்

நூலின் குறைகளை மறைத்தல் திறனாய்வு ஆகாது. கதைமாந்தர் தம் பெயராலேயே தம் குணத்தை அறிவித்துவிடுகின்றனர். ஆதலின் கம்பரின் மாந்தரிடம் காணும் உள்ளப் போராட்டம் இவர்களிடம் அருகியே காணப்படுகிறது. கொள்கை விளக்கம் நீளும் இடங்களில் கவிதை தளர்கின்றது. வடசொற்களும் அருஞ்சொற்களும் செறிந்த நடை, எளிய மக்களை நூலினின்று விலக்கிவிட்டது. பன்யன் நூல் ஏழை எளியவர் கையில் பயின்றது; உரைநடையில் வந்த மோட்சப் பிரயாணம் தமிழ்க் கிறிஸ்தவர் இல்லங்களிலும் பயின்றது. காப்பியமோ கற்றோர் கையிலேயே தங்கிற்று. ஊர் விட்டு ஊர் வந்து, நூல் ஆலைகளிலும் பின்னலகங்களிலும் உழைக்கும் நெல்லை மக்களே இதன் உண்மையான கதைத்தலைவர் எனத் தகுவர். தம் மண்ணின் புலவர் தம்மைப் போன்ற ஒரு வழிப்போக்கனைப் பாடினார் என்பதை அவருள் பலர் அறியார். இவ்விழப்பு நூலுக்கும் உண்டு, அவர்க்கும் உண்டு.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால், இரட்சணிய யாத்திரிகம் கம்பரைப் போலப் பாடியமையால் தமிழ் நூல் ஆகவில்லை. அழிவுக்கு அஞ்சிய கதையை அன்பின் கதையாக மாற்றியமையால் தமிழ் நூல் ஆயிற்று என்பது பெறப்படும். அவிநாசித் தெருவில் அழுத பெற்றோர் முகமலர்ந்து தொழுத நிலையும், சிலுவையைக் கண்டு உருகிய பயணி மேலும் நடந்த நிலையும் ஒரே சமயத்தின்பாற்பட்டவை அல்ல. அவற்றை ஒன்றாக்குதல் இரண்டிற்கும் இழுக்கு. ஆயினும் இழந்ததைத் திரும்பப் பெற முடியும் என்று நம்புவதற்குத் தமிழ் தன் மக்களுக்குத் தந்த மொழி ஒன்றே. அம்மொழியில் பாடப்பட்ட இக்காப்பியத்திற்கு, எளிய உரையோடும் சொல்லடைவோடும் கூடிய ஆய்வுப் பதிப்பு ஒன்றை அளித்தல் தமிழ்த் துறைகளின் கடன். தேவாரப் பகுதிகளைத் தனியே எடுத்து, ஆழ்வார் நாயன்மார் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்தல் இளம் ஆய்வாளர்க்கு ஏற்ற பணியாகும்.